லாகின் தோற்றது, காரணம் மட்டும் திரையில் வரவில்லை: ஸ்பிரிங் செக்யூரிட்டியில் எங்கே தேடுவது?

பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் "தப்பு" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேட்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரிகிறது. ஆனால் ஜாவா வெப் அப்ளிகேஷனில் அந்த ஒரு வரி யூசர் கண்ணுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஃபில்டர், செஷன், ரீடைரக்ட், டெம்ப்ளேட், மெசேஜ் ஃபைல் என்று பல கை மாறுகிறது. எங்கே தவறி விழுந்தது என்று பார்க்காமல் டெம்ப்ளேட்டையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

இங்கே சொல்வது ஸ்பிரிங் பூட் 3 (ஜாவா வெப் அப்ளிகேஷன் கட்டும் சட்டகம்), ஸ்பிரிங் செக்யூரிட்டி 6 (அதில் லாகினையும் அனுமதியையும் பார்த்துக்கொள்ளும் பகுதி), தைம்லீஃப் (பக்கத்தை உருவாக்கும் டெம்ப்ளேட் கருவி) மூன்றும் சேர்ந்த அமைப்புக்கு. தைம்லீஃபுக்குப் பதில் ஜேஎஸ்பி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும். டாம்கேட் என்ற வெப் சர்வரின் சொந்த லாகினை நம்பியிருப்பவர்களுக்குப் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு காரியம். ஸ்பிரிங் செக்யூரிட்டி பேக்கேஜின் லாக் (சர்வர் எழுதும் பதிவு) அளவை, எல்லா விவரமும் எழுதும் ட்ரேஸுக்கு மாற்றுங்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குப் போய், பக்கம் மாறினாலும் பழைய பதிவுகள் அழியாதபடி "பிரிசர்வ் லாக்" டிக்கைப் போடுங்கள். இந்த டிக் இல்லாவிட்டால் ரீடைரக்ட் ஆனதும் நமக்கு வேண்டிய வரி போய்விடும். இப்போது வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டு கொடுத்து, லாகின் போஸ்டுக்கும், அதன் பின் ரீடைரக்ட் ஆன முகவரிக்கும் வந்த பதில்களைப் பாருங்கள். 302 (வேறு முகவரிக்குப் போ என்ற ரீடைரக்ட்) வந்து, கடைசியில் போய் நிற்கும் இடம் "/லாகின்?எரர்" என்றிருந்தால் செக்யூரிட்டி தன் வேலையை முடித்துவிட்டது, கோளாறு டெம்ப்ளேட்டிலோ மெசேஜிலோ இருக்கிறது. வெறும் "/லாகின்" என்றிருந்தால் வழியில் யாரோ மறித்திருக்கிறார்கள். 403 (அனுமதி மறுப்பு) என்றால் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், அதாவது ஃபார்ம் நம் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியக் குறி, பொருந்தவில்லை. 500 என்றால் செக்யூரிட்டிக்குப் புரியாத எக்ஸெப்ஷன் ஒன்று வெடித்திருக்கிறது.

அறிகுறி: முகவரியில் எரர் என்று இருக்கிறது, பக்கத்தில் செய்தி இல்லை

அந்த முகவரியில் எரர் என்ற பெயர் மட்டும்தான் இருக்கிறது, அதற்கு மதிப்பு எதுவும் இல்லை. சர்வர் பக்கம் அது காலி ஸ்ட்ரிங்காக வந்து சேரும். ஜேஎஸ்பியில் வழக்கப்படி "நாட் எம்ப்டி" என்று சோதித்தால் காலி ஸ்ட்ரிங்கும் எம்ப்டி என்றே கணக்காகி, செய்தி எப்போதும் மறைந்தே இருக்கும். "நல் இல்லை" என்று மட்டும் சோதியுங்கள். கன்ட்ரோலரில் அந்தப் பராமீட்டரை ஸ்ட்ரிங்காக வாங்கி நீளம் பார்ப்பவர்களுக்கும் இதே கதிதான். தைம்லீஃபில் "பராம்.எரர்" என்று நேரடியாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தைம்லீஃப் 3.1-க்கு மாறியவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. ஹேஷ் (#) குறியோடு எழுதும் செஷன், ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டுகளை அந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஹேஷ் இல்லாமல் எழுதும் செஷன் இன்றும் வேலை செய்கிறது.

அறிகுறி: எரர் என்ற சொல்லே காணாமல் போய், லாகின் பக்கம் புதிதுபோல் வந்து நிற்கிறது

ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பூட்டப்பட்ட, அதாவது லாக் ஆன, அக்கவுண்டுக்கு ஒரு செய்தி, காலாவதியானதற்கு ஒரு செய்தி என்று காட்ட நினைத்து, லாகின் தோற்றால் ஓடும் ஃபெய்லியர் ஹேண்ட்லர் ஒன்றைச் சொந்தமாக எழுதி, "/லாகின்?எரர்=லாக்டு" என்று ரீடைரக்ட் செய்திருப்பீர்கள். ஃபார்ம் லாகினில் பெர்மிட் ஆல் (எல்லாருக்கும் அனுமதி) போட்டிருக்கிறோமே என்ற தைரியம் வேறு. ஆனால் அந்தப் பெர்மிட் ஆல் முகவரியைக் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதோடு சேர்த்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. அதற்குத் தெரிந்தது "/லாகின்". ஹேண்ட்லரை நாமே கொடுக்காமல் இருந்திருந்தால் "/லாகின்?எரர்" என்பதும் தெரிந்திருக்கும். "=லாக்டு" என்று நாம் ஒட்டியதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது அனுமதி இல்லாத பக்கமாகி, லாகின் செய்யாதவர் என்று உங்களைத் திரும்ப வெறும் "/லாகின்" பக்கத்துக்கே தள்ளிவிடுகிறது.

இதை உறுதி செய்ய ஒரு துணை அறிகுறி உண்டு. உடனே அதே பிரவுசரில், லாக் ஆகாத வேறொரு அக்கவுண்டின் சரியான பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போங்கள். முகப்புப் பக்கத்துக்குப் பதிலாக "உங்கள் அக்கவுண்ட் லாக் ஆகியுள்ளது" என்ற பக்கம் வந்தால் இதே கோளாறுதான். தடுக்கப்பட்ட முகவரியை "பிறகு கொண்டுபோய் விடலாம்" என்று ரிக்வெஸ்ட் கேஷ் பத்திரமாக வைத்திருந்து, லாகின் ஆனதும் அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. உள்ளே வந்தவருக்கு உள்ளே வர முடியாது என்று செய்தி! வாடிக்கையாளர் இதை விவரிக்கும்போது நம்பவே தோன்றாது.

திருத்தம் எளிது. அனுமதி விதிகள் எழுதும் இடத்தில், ரிக்வெஸ்ட் மேட்சரில் "/லாகின்" என்ற பாதைக்குத் தனியாகப் பெர்மிட் ஆல் கொடுங்கள். அங்கே பாதையை மட்டும்தான் பார்ப்பார்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் என்ன இருந்தாலும் கவலையில்லை.

2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் செக்யூரிட்டி 6-க்கு மாறிய பிறகுதான் தொல்லை என்றால், இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் பதிப்பிலிருந்து ஃபார்வர்டு, எரர் வகை டிஸ்பேட்சுகளுக்கும் (சர்வருக்குள்ளேயே ரிக்வெஸ்டை வேறு பக்கத்துக்குக் கைமாற்றுவது) அனுமதிச் சோதனை நடக்கிறது. ஜேஎஸ்பி பக்கம் ஃபார்வர்டு மூலமாகத்தான் திரைக்கு வருகிறது. அது மறிக்கப்பட்டால் லாகின் பக்கமே லாகின் கேட்டு, பிரவுசர் "ரீடைரக்ட் அதிகம்" என்று கை விரித்துவிடும். டிஸ்பேட்சர் டைப் மேட்சரில் இந்த இரண்டு வகைக்கும் அனுமதி கொடுங்கள்.

அறிகுறி: சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் 403, அல்லது பேசாமல் லாகின் பக்கம்

ஃபார்மின் ஆக்‌ஷனைத் தைம்லீஃபின் டிஎச் முன்னொட்டு இல்லாமல் சாதாரண எச்டிஎம்எல்லாக எழுதியிருந்தால் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் ஃபார்மில் வந்திருக்காது. அது முதல் நாளே தெரிந்துவிடும். நாள்பட்டுத் தெரிவது வேறு வகை: காலையில் லாகின் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, டீ குடித்து, மீட்டிங் போய், திரும்பி வந்து பாஸ்வேர்டு அடிப்பவர். டோக்கன் இருப்பது செஷனில். செஷனின் ஆயுள், நாம் மாற்றாதவரை, 30 நிமிடம். இவர் அடித்த பாஸ்வேர்டை யாரும் சோதிக்கவே இல்லை. அவருக்கோ பாஸ்வேர்டு மறந்துவிட்டதோ என்று சந்தேகம். ரீசெட் போடுவார், ஹெல்ப் டெஸ்குக்கு போன் போகும்.

ஆக்சஸ் டினைடு ஹேண்ட்லர் ஒன்று எழுதி, வந்தது மிஸ்ஸிங் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் எக்ஸெப்ஷனா என்று பாருங்கள். ஆம் என்றால் லாகின் பக்கத்துக்கே அனுப்பி, "பக்கம் நெடுநேரம் திறந்திருந்ததால் காலாவதி ஆகிவிட்டது. மறுபடி ஒருமுறை உள்ளிடுங்கள், உங்கள் பாஸ்வேர்டில் பிரச்சினை இல்லை" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பாதி முக்கியம். அதைப் படித்தவர் ரீசெட் பக்கம் போக மாட்டார்.

403 கூடத் தெரியாமல் வெறும் லாகின் பக்கம் வந்தால், "/எரர்" பாதைக்கு அனுமதி இல்லை என்று பொருள். பிழையைக் காட்டப் போன பக்கமே மறிக்கப்பட்டு லாகினுக்குத் திரும்பியிருக்கிறது. மேலே சொன்ன எரர் வகை டிஸ்பேட்ச் அனுமதி இதையும் தீர்க்கும். சிஎஸ்ஆர்எஃப்பையே அணைத்துவிடுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

அறிகுறி: லாகின் பக்கத்தில் எஸ்க்யூஎல் வரிகளோ புரியாத ஆங்கிலமோ தெரிகிறது

செஷனில் ஸ்பிரிங் வைத்துவிட்டுப் போகும் கடைசி எக்ஸெப்ஷனை எடுத்து, அதன் மெசேஜை அப்படியே பக்கத்தில் அச்சிடும் வழக்கம் பல புராஜெக்டுகளில் இருக்கிறது. சாதாரண நாளில் "பேட் கிரெடென்ஷியல்ஸ்" என்று வரும்; யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். டேட்டாபேஸ் படுத்த நாளில்தான் வினை. யூசர் விவரம் எடுக்கும் சர்வீஸில் என்ன எக்ஸெப்ஷன் வந்தாலும், ஸ்பிரிங் அதை இன்டர்னல் ஆதென்டிகேஷன் சர்வீஸ் எக்ஸெப்ஷன் என்ற உறைக்குள் போட்டு, உள்ளே இருந்த மெசேஜையே வெளியிலும் ஒட்டிவிடுகிறது. கனெக்‌ஷன் பூல் நிரம்பிவிட்டால் அதை நிர்வகிக்கும் ஹிகாரி தன் இயல்பான 30 விநாடி காத்திருந்துவிட்டு, "ஹிகாரிபூல்-1, கனெக்‌ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லி விநாடி" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லும். அது அப்படியே லாகின் பெட்டிக்கு மேலே சிவப்பு எழுத்தில் வந்து உட்காரும். குவெரியில் கோளாறு என்றால் டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயரும்கூட வெளியே வரலாம்.

எக்ஸெப்ஷனின் மெசேஜை ஒருபோதும் பக்கத்தில் காட்டாதீர்கள். ஃபெய்லியர் ஹேண்ட்லரில் எக்ஸெப்ஷன் எந்த வகை என்று பார்த்து, நாமே எழுதிய சின்னக் குறியீடாக மாற்றுங்கள். அந்தக் குறியீட்டுக்கான வாக்கியம் மெசேஜ் ஃபைலில் இருக்கட்டும். தெரியாத வகை எது வந்தாலும் பொதுச் செய்திதான். முழு விவரம் லாகுக்குப் போகட்டும். லாகில் எழுதும்போது ஒரு குறிப்பு எண்ணை உருவாக்கி, அதே எண்ணைச் செய்தியிலும் காட்டினால் போனில் பேசும்போது மிகவும் உதவும்: "எங்கள் பக்கம் கோளாறு. உங்கள் பாஸ்வேர்டை நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை. சற்று நேரம் கழித்து முயலுங்கள். குறிப்பு எண் 48213."

இதோடு ஒட்டிய இன்னொரு வினையும் உண்டு. தோல்விகளை எண்ணி ஐந்தாவதில் அக்கவுண்டைப் பூட்டும் நிரல் பொதுவான தோல்வி நிகழ்வைக் கேட்டுக்கொண்டிருந்தால், டேட்டாபேஸ் தடுமாறிய நேரத்துத் தோல்விகளும் யூசர் கணக்கில் ஏறிவிடும். பேட் கிரெடென்ஷியல்ஸுக்கென்று தனி நிகழ்வு இருக்கிறது. அதை மட்டும் எண்ணுங்கள்.

அறிகுறி: அக்கவுண்ட் லாக் ஆகியிருக்கிறது, செய்தியோ "சர்வர் கோளாறு" என்கிறது

யூசர் விவரம் எடுக்கும் மெத்தடுக்குள்ளேயே "லாக் ஆனவரா? இதோ லாக்டு எக்ஸெப்ஷன்" என்று வீசியிருப்பார்கள். படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் மேலே சொன்ன அதே உறை இதையும் விழுங்கிவிடும். அந்த மெத்தடில் யூசர்நேம் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன் தவிர எதை வீசினாலும் ஸ்பிரிங் அதை உள் கோளாறு என்றே கணக்கில் எடுக்கும். வீசாதீர்கள். லாக் ஆகியிருக்கிறது, முடக்கப்பட்டிருக்கிறது என்ற நிலைகளை யூசர் டீட்டெயில்ஸ் ஆப்ஜெக்டில் ஆம் / இல்லை என்று நிரப்பித் திருப்பிக் கொடுங்கள். உரிய எக்ஸெப்ஷனை ஸ்பிரிங்கே வீசிக்கொள்ளும்.

அறிகுறி: பாஸ்வேர்டு தப்பாக இருந்தாலும் "லாக் ஆகியுள்ளது" என்கிறது

இது ஸ்பிரிங்கின் இயல்பு. லாக்டு, டிஸேபிள்டு, அக்கவுண்ட் காலாவதி மூன்றையும் பாஸ்வேர்டைப் பார்ப்பதற்கு முன்பே சோதிக்கிறார்கள். பாஸ்வேர்டின் காலாவதியை மட்டும் பின்னால். விளைவு: வாய்க்கு வந்த பாஸ்வேர்டோடு ஒரு யூசர்நேமை அனுப்பி, "முடக்கப்பட்டுள்ளது" என்று பதில் வாங்கியவருக்கு அப்படி ஒரு அக்கவுண்ட் இருப்பது உறுதியாகிவிடுகிறது.

"யூசர் இல்லை" என்ற செய்தி எவ்வளவு முயன்றும் வரவில்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேதான். ஸ்பிரிங் அதை வேண்டுமென்றே மறைத்து, பேட் கிரெடென்ஷியல்ஸாக மாற்றிக் கொடுக்கிறது. யூசர் இல்லாதபோதுகூட ஒரு பொய்யான பாஸ்வேர்டை ஹேஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாத வடிவமாக்கி), பதில் வரும் நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி பார்த்துக்கொள்கிறது. இவ்வளவு பாடுபட்டு மூடிய கதவை "யூசர் ஃப்ரெண்ட்லி" என்ற பெயரில் ஒரு ஃப்ளாகை மாற்றித் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அப்படியானால் லாக் ஆனவருக்கு என்னதான் சொல்வது? இரண்டு வகைப் பூட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நிர்வாகி முடக்கியது, பணியிலிருந்து விலகியதால் மூடியது போன்றவற்றை பாஸ்வேர்டு சரியாக இருந்தால் மட்டும் சொல்லலாம். டாவோ ஆதென்டிகேஷன் புரொவைடரில் முன் சோதனையைக் காலியாக்கி, அதே சோதனைகளைப் பின் சோதனைக்கு நகர்த்தினால் போதும். நகர்த்தும்போது, அங்கே ஏற்கெனவே இருக்கும் பாஸ்வேர்டு காலாவதிச் சோதனையையும் சேர்த்து எழுத மறக்காதீர்கள்.

பலமுறை தப்பாக அடித்ததால் வந்த தற்காலிக லாக் அப்படி இல்லை. அங்கே "பாஸ்வேர்டு சரியாக இருந்தால் மட்டும் லாக் செய்தி" என்று வைத்தால், ஊகித்துக்கொண்டிருக்கும் திருடனுக்கு "நீ இப்போது அடித்ததுதான் சரி" என்று நாமே சொன்னதாகிவிடும். அதனால் உள்ளிட்ட யூசர்நேமை வைத்தே எண்ணுங்கள், அப்படி ஒருவர் டேட்டாபேஸில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வரம்பு தாண்டியதும் எல்லாருக்கும் ஒரே செய்தி: "பலமுறை தவறிவிட்டது. 15 நிமிடம் கழித்து முயலுங்கள்." உண்மையான உரிமையாளருக்குத் தனியாக மின்னஞ்சல் போகட்டும்.

ஒரே பொதுச் செய்தி என்றதும் உதவாத செய்தி என்று நினைத்துவிடக் கூடாது. "தவறான உள்ளீடு" என்பது யாருக்கும் உதவாது. "பணியாளர் எண்ணோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை. பணியாளர் எண்ணில் ஆறு இலக்கமும் இருக்கிறதா, கேப்ஸ் லாக் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்" என்பது எந்த ரகசியத்தையும் வெளியே விடவில்லை, ஆனால் அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறது. யூசர்நேம் என்று வெறுமனே போட்டிருக்கும் பெட்டியில் மின்னஞ்சலை அடிப்பதா, மொபைல் எண்ணா என்று குழம்பித்தான் பலர் தோற்கிறார்கள். அதற்கு மருந்து பிழைச்செய்தியில் இல்லை, பெட்டியின் பெயரில் இருக்கிறது. கூடவே, தோற்ற பிறகு யூசர்நேமைத் திரும்பப் பெட்டியில் நிரப்பிக் கொடுங்கள். அப்போதுதான் தான் அடித்த பிழை அவர் கண்ணில் படும்.

அறிகுறி: பழைய செய்தி போக மாட்டேன் என்கிறது, அல்லது சிலருக்கு மட்டும் வருவதில்லை

எக்ஸெப்ஷன் செஷனில் கிடக்கிறது. வெற்றிகரமாக லாகின் ஆனால்தான் ஸ்பிரிங் அதை அழிக்கும். முகவரியில் எரர் இருந்தால் மட்டும் காட்டுங்கள், காட்டியதும் செஷனிலிருந்து எடுத்துவிடுங்கள். சிலருக்கு மட்டும் வரவில்லை என்றால் சர்வர் எத்தனை என்று கேளுங்கள். லோட் பேலன்சர் ரீடைரக்டை வேறு சர்வருக்கு அனுப்பினால் அங்கே அந்தச் செஷன் இருக்காது. குறியீட்டை முகவரியிலேயே அனுப்பும் முறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: தமிழில் எழுதிய செய்தி குப்பையாகத் தெரிகிறது

குப்பையை உற்றுப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லும். ® என்ற குறி மூன்று எழுத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தால், யூடிஎஃப்-8 ஃபைலை லத்தீன்-1 என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8-ல் மூன்று பைட். அவற்றில் நடு பைட் பெரும்பாலும் லத்தீன்-1-ல் இந்தக் குறிதான். ஸ்பிரிங் பூட் மெசேஜ் ஃபைலை யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும்; மெசேஜ் சோர்ஸைக் கையால் உருவாக்கியிருந்தால் என்கோடிங்கை நாம்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் கேள்விக்குறியாக இருந்து, மெசேஜ் ஃபைலைத் திறந்து பார்த்தாலும் அப்படியே இருந்தால் விஷயம் முடிந்தது. எடிட்டர் ஃபைலைச் சேமிக்கும்போதே தமிழ் அழிந்துவிட்டது, மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். இரண்டு பக்கமும் இரட்டைக் கேள்விக்குறி, நடுவில் கீயின் பெயர் என்றால் தைம்லீஃபுக்கு அந்தக் கீ கிடைக்கவில்லை. செய்தியில் ஒற்றை மேற்கோள் போட்டிருந்து நிமிடக் கணக்கு நிரம்பாமல் அடைப்புக்குறியும் பூஜ்யமுமாக நின்றால், அந்த மேற்கோளை இரண்டு முறை எழுதுங்கள்.

அறிகுறி: டேட்டாபேஸ் மாற்றிய பிறகு யாராலும் உள்ளே வர முடியவில்லை

லாகில் "பிகிரிப்ட் போலத் தெரியவில்லை" என்ற பொருளில் எச்சரிக்கை இருந்தால் டேட்டாபேஸில் பாஸ்வேர்டு நெடுவரிசையின் நீளத்தைப் பாருங்கள். பிகிரிப்ட் என்ற முறையில் உருவாகும் பாஸ்வேர்டு ஹேஷ் 60 எழுத்து. முன்னால் வகைப் பெயரும் அடைப்புக்குறியும் சேர்ந்தால் 68. நெடுவரிசை அதற்குக் குறைவாக இருந்தால் வால் வெட்டுப்பட்டிருக்கும். எச்சரிக்கைக்குப் பதில் 500 வந்தால், ஹேஷ் முறையை வகைப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் டெலிகேட்டிங் என்கோடர் எதிர்பார்க்கும் அந்த வகைப் பெயர் பழைய வரிசைகளில் இல்லை. இரண்டிலும் யூசரின் பாஸ்வேர்டு மேல் தப்பில்லை.

அறிகுறி: ஜாவாஸ்கிரிப்ட் மூலம் லாகின், தோற்றாலும் 200

ஃபெட்ச் ரீடைரக்டைத் தானே பின்தொடர்ந்து, லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லை வாங்கி வந்து வெற்றி என்கிறது. ஃபெய்லியர் ஹேண்ட்லரில் ரீடைரக்டை விட்டுவிட்டு 401-ம் ஜேசனில் நம் குறியீடும் கொடுங்கள்.

டாம்கேட்டின் சொந்த லாகின் என்றால்

வெப் எக்ஸ்எம்எல்லில் எரர் பேஜ் என்று ஒன்றைக் கொடுக்கிறோம். ஏன் தோற்றது என்று அந்தப் பக்கத்துக்கு டாம்கேட் சொல்வதில்லை. லாக்அவுட் ரெல்ம் இயல்பாக 5 தோல்விக்கு 300 விநாடி பூட்டுகிறது, அப்போதும் அதே பக்கம்தான். அதனால் "சரியான பாஸ்வேர்டையும் ஏற்கவில்லை" என்று புகார் வந்தால் சர்வர் லாகில் பூட்டப்பட்ட யூசர் பற்றிய எச்சரிக்கையைத் தேடுங்கள். எரர் பக்கத்தில் "பலமுறை தவறியிருந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள்" என்று நிரந்தரமாக ஒரு வரி எழுதி வைப்பதே நடைமுறைக்கு உகந்தது. லாகின் பக்கத்தைப் புக்மார்க் செய்து நேரடியாக வருபவருக்கு 400-ம், தாமதித்தவருக்கு 408-ம் வரும். ஃபார்ம் ஆதென்டிகேட்டர் வால்வில் லேண்டிங் பேஜ் என்ற அமைப்பைக் கொடுத்தால் இரண்டுக்கும் பதிலாக அந்தப் பக்கத்துக்குப் போய்விடும்.

அறிகுறி: தமிழில் வைத்த பாஸ்வேர்டு மொபைலில் ஏற்கிறது, கணினியில் ஏற்பதில்லை

அரிதுதான், ஆனால் வந்தால் தலையைப் பிய்க்க வைக்கும். "கொ" என்ற எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீட்டில் எழுதலாம். ககரம், எகரக் குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஹேஷ் மட்டும் வேறாகிவிடும். கீபோர்டு மென்பொருளைப் பொறுத்து இது மாறலாம். பதிவு செய்யும்போதும் லாகினிலும் ஜாவாவின் நார்மலைசர் வழியாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே என்கோடரிடம் கொடுங்கள். பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை என்பதும் இங்கே கணக்கில் வரும்: மூன்று பைட் வீதம் 24 குறியீடு, மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். பதிவுப் பக்கத்தில் நீள வரம்பைப் பைட்டில் சோதித்து, தாண்டினால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.